பளபளத்த குப்பியில் உறையாத இரத்தம்

‘ஓரளவு உறைந்தது’ என்று எழுதியிருந்ததைப் போன மாதம் என் கண்ணாலேயே பார்த்தேன். மச்சான் முறையான ஒருவரை வயலில் ஏதோ தீண்டிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பார்க்கப் போனவன் சும்மா இருக்காமல் கட்டிலில் தொங்கிய நோயாளிக் குறிப்பைப் புரட்டினேன். இருபது நிமிட உறைவுச் சோதனை, அதற்கு நேரே அந்த இரண்டு சொல். எழுதியவர் இளம் டொக்டர், நல்ல பிள்ளை.

“தம்பி, ஓரளவெண்டா என்ன?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் கட்டியாவும் கொஞ்சம் தண்ணியாவும் இருந்த, அங்கிள்.”

“அப்ப மருந்தும் ஓரளவு குடுத்தீங்களா?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மச்சானைக் கடித்தது விஷமில்லாத பாம்பு என்பதால் அவர் மறுநாள் வீட்டுக்கு வந்து ஆட்டிறைச்சி தின்றார். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் முப்பத்து மூன்று வருடம் இரத்தம் சோதித்தவன். எங்கள் சங்கத்துக்காரர் மலர் ஒன்று போடுகிறார்களாம். “உங்கட பசுமையான நினைவு ஒண்டு எழுதித் தாங்க காக்கா” என்று செயலாளர் இரண்டு தடவை வந்து போனார். இந்த மலர்களை எனக்குத் தெரியும். முதல் பக்கத்தில் அமைச்சரின் ஆசிச் செய்தி, நடுவில் பொற்காலம், கடைசியில் ஓய்வு பெற்றவனுக்குப் பொன்னாடை போட்டு, பிணத்துக்குப் போல உயிரோடு கபனிட்ட படம். என்னிடம் பசுமை இல்லை. அந்த இளம் டொக்டர் எழுதிய சொல் பற்றி ஒரு நினைவு இருக்கிறது, அதைத் தருகிறேன். போட்டால் போடட்டும்.

உறைதல் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் பாவிப்பார்கள். அடிபட்டு நீலம் பாரித்தால் இரத்தம் உறைந்துவிட்டது. புண் பொருக்குக் கட்டினால் உறைந்துவிட்டது. கதைப் புத்தகத்தில் பேயைக் கண்டவனுக்கும் அதேதான். ஆய்வுகூடத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே வேலை. காய்ந்த கண்ணாடிக் குப்பியில் நோயாளியின் நாளத்து இரத்தம் இரண்டு மில்லிலீற்றர் விட வேண்டும். மேசையில் வைத்தால் வைத்ததுதான். தூக்கக் கூடாது, ஆட்டக் கூடாது, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஆராயக் கூடாது. இருபது நிமிடம் முடிந்ததும் ஒரே ஒரு தடவை சரிக்க வேண்டும். நல்ல இரத்தம் சட்டித் தயிர் மாதிரி அடியோடு நிற்கும். கண்ணாடி விரியனின் விஷம் ஏறிய இரத்தம் ஓடி வரும், ஏனென்றால் உறைவதற்கு வேண்டிய சரக்கையெல்லாம் விஷம் உடம்புக்குள்ளேயே செலவழித்துத் தீர்த்திருக்கும். நின்றால் உறைந்தது. ஓடினால் உறையவில்லை. சந்தேகமென்றால் புதுக் குப்பியில் திரும்பச் செய்ய வேண்டும். மருந்து கொடுப்பதா இல்லையா என்பதை அந்தச் சொல்தான் முடிவு செய்கிறது. அதனால் மூன்றாவது சொல் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. கண்ணாடியில் பட்டால்தான் இரத்தம் விழித்துக்கொண்டு உறையத் தொடங்கும். சவர்க்காரம் பட்ட கண்ணாடியில் அது விழிக்காது. எவ்வளவு அலசினாலும் ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். அந்தக் குப்பியில் எந்தச் சுகதேகியின் இரத்தமும் தண்ணீராய்க் கிடக்கும். கொழும்பில் இரண்டு வருடம் படித்ததில் பாதி பரீட்சையோடு போய்விட்டது. இது போகவில்லை. “முதலில் குப்பி கழுவுகிறவனைப் பார், பிறகு நோயாளியைப் பார்” என்று படிப்பித்தவர் சொல்லுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் இருந்தது கல்முனைக்குத் தெற்கே ஒரு கடலோர ஆஸ்பத்திரி. பேர் சொல்ல மாட்டேன், அங்கே இப்போதும் நல்லவர்கள் வேலை செய்கிறார்கள். ஒரு ஆண் வார்ட், ஒரு பெண் வார்ட், பிரசவ அறை, கோடியில் என் ஆய்வுகூடம். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய டொக்டர்.

பெரிய டொக்டர் காலையில் வார்ட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பது கட்டிலின் காலைத்தான். வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு துடைப்புத் துடைத்து, அந்தக் கைக்குட்டையைத் தாதி மிஸிக்குக் காட்டுவார். விரிப்புகளின் ஓரம் நூல் பிடித்தது போல் ஒரே வரிசையில் தொங்க வேண்டும். நோயாளியின் செருப்பு கோணலாய்க் கிடந்தால் தன் சப்பாத்து நுனியால் நேராக்குவார். சத்தம் போட மாட்டார். நான் கொண்டுபோகும் கடதாசியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, “பிரச்சினை கொண்டு வராதீர், றிசல்ட் கொண்டு வாரும்” என்பார். கெட்டிக்காரர் என்றுதான் ஊரில் கதை. நானும் மறுக்கவில்லை. மூளை இருந்தது. அதை அவர் இஸ்திரி போட்டு மடித்து அலுமாரியில் வைத்திருந்தார்.

அந்த வருடம் பெரும்போக நெல் வெட்டு நடக்கும்போது, மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்தது. ஒரு கிழமையாக ஆஸ்பத்திரி வைத்தியம் பார்க்கவில்லை, குளித்தது. சுவருக்குச் சுண்ணாம்பு, கற்களுக்கு வெள்ளை, மரத்துக்கும் முழங்கால் உயரம் வெள்ளை. ஒய்யாரக் கொண்டையிலே தாழம்பூவாம், உள்ளே இருப்பது ஈரும் பேனுமாம். பாம்புக்கடி மருந்து கையிருப்பில் பத்துக் குப்பிதான், ஒரு ஆளுக்கு மட்டுமட்டாகக் காணும். இன்னும் வேண்டுமென்று யாரும் எழுதவில்லை. பூஞ்சட்டி வேண்டுமென்று மூன்று கடிதம் போயிருந்தது.

பெரியவர் வருவதற்கு முதல் நாள் காலையில் வார்ட்டின் பின்பக்கம் போனேன். அற்றண்டன் மீராலெப்பை குந்திக்கொண்டு, சோதனைக்கென்று எடுத்து வைத்த பழைய பெனிசிலின் குப்பிகளையெல்லாம் வாளியில் போட்டு நுரை தள்ளக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சவர்க்காரத் தூள் பெட்டி. கழுவியவை பலகையில் வரிசையாய் வெயிலில் பளபளத்தன.

“இதுக்குச் சவுக்காரம் போடப்படா எண்டு எத்தின தரம் சென்ன நான்?”

“பெரிய டொக்டர்தான் போடச் சென்ன. மங்கலா இரிக்காம். நாளைக்கு மேசையில அடுக்கி வெக்கவாம்.” நிமிர்ந்து பார்த்தார். “நான் என்ன செய்ய தம்பி? நீங்க போய்ச் சொல்லுங்களன்.”

நான் போய்ச் சொல்லவில்லை. என் ஆய்வுகூடத்துக் குழாய்களை நானே வெறும் தண்ணீரில் கழுவி, சூடுகாட்டி, அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். வார்ட்டுக் குப்பி வார்ட்டின் பாடு என்று திரும்பி வந்தேன். பிரச்சினை கொண்டு போகாத நல்ல பிள்ளை நான். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அன்று மத்தியானம் உழவு மெசின் ஒன்று இழுவைப் பெட்டியோடு வந்து நின்றது. பெட்டியில் இரண்டு பேர். ஒருவர் ஊரறிந்த போடியார், ஏகப்பட்ட வயலுக்குச் சொந்தக்காரர். மருந்து வைத்திருந்த பிரிட்ஜை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தவரும் அவர்தான். அதன் கதவில் அவருடைய பெயர் மருந்தின் பெயரை விடப் பெரிதாக எழுதியிருக்கும். மற்றவர் அவருடைய வயலில் கூலிக்கு வெட்டிய ஆதம்பாவா. வெட்டிக் காயப் போட்டிருந்த கதிர்ப் பிடிகளை, எங்கள் பக்கம் உப்பட்டி என்போம், அள்ளும்போது அடியில் கிடந்த கண்ணாடி விரியன் முன்கையில் பிடித்திருக்கிறது. அவர் கத்திய சத்தத்துக்குப் போடியார் வரம்பிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்து, அறுத்த நெல்தாளுக்குள் விழுந்து எழும்பியிருக்கிறார். காலில் இரண்டு கீறல்.

“அதே பாம்புதான் டொக்டர்” என்றார் போடியார், கட்டிலில் சாய்ந்துகொண்டு. “அவனக் கடிச்சிப் போட்டு என்னிலயும் போட்ட. கண்டன் நான்.”

ஆதம்பாவாவுக்குக் கட்டில் இல்லை. விரித்த கட்டில் கசங்கினால் நாளைக்குப் பெரியவர் என்ன நினைப்பார்? விறாந்தையில் பாயில் கிடத்தினார்கள். முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது. மனைவி சித்தியும்மா தலைமாட்டில் சிரட்டையோடு இருந்தா, அவர் துப்பிய எச்சிலில் இரத்தம் வந்துகொண்டிருந்தது.

“தம்பி, கண் மடல் தூக்க ஏலாம இரிக்கி” என்றார் ஆதம்பாவா என்னிடம், மெதுவாக, ஏதோ தன் பிழை போல.

டொக்டர் இருவரின் இரத்தத்தையும் எடுத்துப் பளபளத்த குப்பிகளில் விடச் சொன்னார். இருபது நிமிடம் கழித்து நான் சரித்தேன். போடியாருடையது ஓடியது. ஆதம்பாவாவுடையதும் ஓடியது. இரண்டையும் சோதனைப் புத்தகத்தில் எழுதினேன்: உறையவில்லை, உறையவில்லை.

“போடியாருக்குத் தொடங்குவம்” என்றார் டொக்டர். “மற்றவரை மட்டக்களப்புக்கு அனுப்புவம்.”

அனுப்ப அம்புலன்ஸ் இல்லை. அது அம்பாறைக்குப் பூஞ்சட்டி ஏற்றப் போயிருந்தது.

நான் போடியாரைப் பார்த்தேன். வீக்கமில்லை, வாயில் இரத்தமில்லை. மகனிடம் வாழைப்பழம் உரித்துத் தரச் சொல்லித் தின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் காலையில் கண்ட வாளி நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் என் அலுமாரியைத் திறந்து குழாய்களை எடுத்தேன். இருவரிடமும் திரும்ப இரத்தம் எடுத்து அவற்றில் விட்டேன். பிறகு மிஸியிடம் என் கையை நீட்டி, என் இரத்தத்தை எடுத்து, பாதியைப் பளபளத்த குப்பியிலும் பாதியை என் குழாயிலும் விட்டேன். டொக்டரிடம் போய், குப்பி சரியில்லை, இன்னும் இருபது நிமிடம் தாருங்கள் என்றேன்.

“போடியாரின் இரத்தம் தண்ணியாகிக் கிடக்கு. இருபது நிமிஷம் உம்மட விளையாட்டைப் பார்த்துக்கொண்டு நிக்கவா?”

பத்துக் குப்பித் தூளையும் கரைத்து ஒரே சேலைன் போத்தலில் விட்டு ஏற்றத் தொடங்கினார்கள். நான் மேசைக்கு முன்னால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிடம் வேறில்லை. தொட்டால் பழுது, ஆட்டினால் பழுது. விறாந்தையில் சித்தியும்மா ஓதிக்கொண்டிருப்பது கேட்டது.

நேரம் முடிந்ததும் சரித்தேன். பளபளத்த குப்பியில் என் இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. என்னை எந்தப் பாம்பும் கடிக்கவில்லை. என் குழாயிலிருந்த என் இரத்தம் அசையாமல் நின்றது. போடியாருடையதும் கட்டியாய் நின்றது. ஆதம்பாவாவுடையது மட்டும் ஓடியது.

குழாய்களைத் தாங்கியோடு தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போனேன். அதற்குள் போடியாருக்கு நடுக்கம் வந்து, உடம்பெல்லாம் தடித்து, போத்தலை நிறுத்தி வைத்து ஒவ்வாமைக்கு ஊசி போட்டிருந்தார்கள். போத்தலில் பாதிக்கு மேல் மீதி இருந்தது.

“சேர், போடியாருக்கு விஷம் ஏறல்ல. அந்த மீதிய ஆதம்பாவாக்கு ஏத்துவம்.”

அவர் குழாய்களைப் பார்த்தார். விளங்காத ஆள் இல்லை, ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். பிறகு அது திரும்ப இஸ்திரியாகிவிட்டது.

“ஒரே ஆளுக்கு ரெண்டு றிசல்ட். நான் எதை நம்புறது? போடியாரில இருந்து கழற்றிக் கூலிக்காரருக்கு மாட்டினா, நாளைக்கு வாறவருக்கு நான் என்ன விளக்கம் சொல்றது?” மிஸியிடம் திரும்பினார். “நடுக்கம் நிண்டதும் மெதுவா ஓட விடும்.”

போத்தல் முழுவதும் போடியாருக்கே ஓடியது, தேவையில்லாத உடம்புக்குள். நான் அதைக் கழற்றி விறாந்தைக்குக் கொண்டு போயிருக்கலாம். எத்தனையோ தரம் மனதுக்குள் கழற்றியிருக்கிறேன். அன்றைக்குக் குழாய்த் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் அசர் பாங்கு சொல்லும் நேரத்தில் அம்புலன்ஸ் வந்தது, நிறையக் குரோட்டன் சட்டிகளோடு. ஒவ்வொரு சட்டியாய், உடையாமல், வாசலில் இறக்கி முடித்த பிறகுதான் ஆதம்பாவாவை ஏற்றினார்கள். மட்டக்களப்பில் மருந்து இருந்தது, கொடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் மூளைக்குள் இரத்தம் கசியத் தொடங்கியிருந்ததாம். மறுநாள் மத்தியானம் லுஹருக்கு உயிர் பிரிந்து மௌத்தானார். அதே நேரத்தில் இங்கே பெரியவர் குரோட்டன் சட்டிகளைப் பார்த்து, இந்தக் கரையோரத்தில் இவ்வளவு துப்புரவான ஆஸ்பத்திரியைத் தான் கண்டதில்லை என்று வருகைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

சித்தியும்மா பெட்டிசம் போட்டா. அரசாங்கக் கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரைப் பிடித்து, அவ சொன்னபடியே எழுதுவித்தது: ‘ரெண்டு பேரையும் ஒரே மெசின் பெட்டியில் கொண்டு வந்தோம். ஒருவருக்கு மட்டும் ஏன் மருந்து?’ நட்டஈடு கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கேட்டா, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். பெரிய டொக்டரின் அறையில், அவருடைய மேசையில், அவர் பக்கத்திலேயே இருக்க, அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு நடந்த விசாரணை அது. நான் சோதனைப் புத்தகத்தை விரித்து வைத்தேன். அன்றைய திகதியில் மூன்று பெயர்: போடியார், ஆதம்பாவா, மூன்றாவது என் பெயர். பளபளத்த குப்பியில் மூன்றும் உறையவில்லை, ஆய்வுகூடக் குழாயில் ஆதம்பாவாவுடையது மட்டும் உறையவில்லை. இதை விடத் தெளிவாய் ஒரு பக்கத்தை நான் வாழ்நாளில் எழுதியதில்லை.

“உம்மை எப்ப பாம்பு கடிச்சது?” என்று கேட்டார் அதிகாரி.

“என்னைக் கடிக்கல்ல, சேர். குப்பியச் சோதிக்கத்தான் என்ட இரத்தம் விட்ட.”

“அப்ப ஏன் உறையல்ல?”

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த ஒரு கடிதத்தை விரல் நுனியால் நேராக்கினார். அது ஊர்ப் பக்கம் இடமாற்றம் கேட்டு நான் எழுதியது, அவருடைய கையெழுத்துக்காக மூன்று மாதமாய்க் கிடந்தது. சவர்க்காரம் என்று சொன்னால் யார் போடச் சொன்னது என்று வரும். யார் கண்டது என்றும் வரும். கண்டவன் நான். மீராலெப்பைக்கு ஆறு பிள்ளைகள், அவருடைய வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாட்டு, இன்றைக்கும் கைவசம் இருக்கிறது.

“குப்பியில ஏதோ பிழை இருந்திரிக்கும், சேர்.”

“என்ன பிழை?”

“தெரியா, சேர்.”

அதிகாரிக்கு முகம் தெளிந்தது. பேனையை எடுத்தார். “உம்மட இரத்தமும் உறையல்ல. உமக்கு மருந்து தரல்ல. நீர் உசிரோட இருக்கீர்தானே? அப்ப மருந்து கிடைக்காததாலதான் அவர் செத்தவர் எண்டு எப்படிச் சொல்றது?” என்றார். அதையே எழுதினார். ஒருவனைக் காப்பாற்றுவதற்காக என் கையிலிருந்து எடுத்த இரத்தம், அவனைச் சாகவிட்டவர்களுக்குச் சாட்சியானது. டொக்டர் என் கடிதத்தில் அப்போதே கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்தேன். சித்தியும்மா குரோட்டன் சட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றா. விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டுவிட்டு, உள்ளே அவவைக் கூப்பிடவேயில்லை. என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரி செய்துகொண்டு கிட்ட வந்தா.

“தம்பி, நடந்ததச் சென்னீங்களா?”

“ஓரளவு சென்னன், ராத்தா.”

அவ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. கோபம் இல்லை. விளங்காததைத்தான் கேட்டா.

“ஓரளவெண்டா என்ன, தம்பி?”